வால்வுக் கைப்பிடி

பாய்மரப் படகின் கழிவறைக்கு வினிகரை விட்டால் வேறு மருந்து கிடையாது. மாதம் ஒருமுறை ஒரு பாட்டில் ஊற்றி ஊறவிட்டால் குழாய்க்குள் படிந்த உப்பெல்லாம் கரைந்துவிடும். கடையில் விற்கிற கண்ட திரவங்களையும் வாங்கி ஏமாந்த பிறகு நானாகக் கற்றுக்கொண்டது இது. என் கணவருக்குக் கடைசிவரை தெரியாது. அவர் கேப்டன்.

கேப்டன் என்று அவரே சொல்லிக்கொண்டார். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் நாற்காலியைத் தேய்த்துவிட்டு ஓய்வு பெற்றவர், ஒரு வெள்ளைத் தொப்பி வாங்கியதும் கேப்டன் ஆகிவிட்டார். நீச்சல் தெரியாது. நங்கூரம் போட்ட படகு லேசாக ஆடினாலே குமட்டும். அதற்கொரு மாத்திரை போட்டுக்கொண்டு கும்பகர்ணன் மாதிரி தூங்குவார். ஆனால் படகுத்துறையில் யாராவது காது கொடுத்தால் போதும், காற்றைப் பற்றியும் அலையைப் பற்றியும் பொழுது சாயும்வரை பேசுவார்.

கழிவறையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நீங்கள்தான் கேட்கிறீர்கள். படகில் கழிவு நேராகக் கடலுக்குப் போகாது. படுக்கைக்கு அடியில் ஒரு தொட்டியில் சேரும். தொட்டி மூச்சுவிட ஒரு சின்னக் குழாய் உண்டு. ஒருமுறை அது அடைத்துக்கொண்டது. கழிவைத் தொட்டிக்குத் தள்ளுகிற கைப் பம்ப் இறுகுகிறதே என்று யோசிக்கிற மனிதராக இருந்தால் நிறுத்தியிருப்பார். இவர் வீரத்தைக் காட்டி இன்னும் ஓங்கி அடித்தார். என்ன கோளாறு என்று பார்க்க மேல்தளத்தில் இருக்கும் தொட்டியின் மூடியை நான் திறந்தேன். தொட்டியில் இருந்தது அத்தனையும் என் முகத்துக்கு வந்தது. விருந்தாளிகளோடு உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்து, "அது அவ டிபார்ட்மென்ட்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் நாத்தனார் போட்டோ எடுத்தாள். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் முகத்தைக் கழுவிக்கொண்டு தொட்டியையும் நானேதான் கழுவினேன்.

அவர் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். படகின் கழிவறை கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கடல் தண்ணீரை இழுத்துத்தான் அதைக் கழுவ வேண்டும். கழுவி முடித்ததும் தண்ணீர் வரும் வால்வை மூடிவிட வேண்டும். மறந்துவிட்டாலும் உடனே ஆபத்தில்லை. அந்தக் குழாயை மேலே வளைத்துக் கொண்டுபோய், உச்சியில் ஒரு காற்றுத் துளை வைத்திருக்கிறார்கள். துளை திறந்திருக்கும்வரை கடல் தானாக உள்ளே ஏறாது. அந்தத் துளையில் உப்புப் பூக்காமல் பார்த்துக்கொண்டதும் நான்தான்.

அவர் போகுமுன் வால்வைத் திறந்து வைப்பதும் நான்தான்; அவர் அதை ஒருநாளும் மூடியதில்லை. ஒவ்வொரு முறையும் பின்னாலேயே போய் நான் மூடினேன். சொல்லிக் காட்டினால், "எந்த வால்வு?" என்பார். வீட்டிலும் இதே கதைதான், ஒரு துரும்பைக் கிள்ளிப் போட மாட்டார். கண்ணாடி, சாவி, துண்டு, எதுவும் அவர் கண்ணில் படாது. நின்ற இடத்திலிருந்தே என்னைக் கூப்பிடுவார். அங்கேதான் இருக்கும், நல்லா தேடிப் பாருங்க என்பேன். அவர் தேடியதே இல்லை. நானே போய் எடுத்துக் கொடுப்பேன்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஒருநாள் காலையில் வீட்டை விற்கப் பேசிவிட்டதாகச் சொன்னார். இனிமேல் படகில்தான் குடித்தனமாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக் கழிவறையில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், போனது போனதுதான், திரும்பி வராது. இந்த வயதில் எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். வேண்டாம் என்று கெஞ்சினேன். போகப் போகப் பழகிவிடும் என்றார்.

படகு இல்லாவிட்டால் வீடு மிஞ்சும். என் யோசனை அதோடு சரி.

அன்று கரைக்கு எதிரே நங்கூரம் போட்டிருந்தோம். மதியம் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டார், கழிவறைக்குப் போனார், வழக்கம்போல வால்வை மூடாமல் வந்து படுத்தார். நான் செய்ததெல்லாம் பின்னால் போய் மூடாமல் இருந்ததுதான். காலையிலேயே காற்றுத் துளையில் கொஞ்சம் மெழுகு வைத்து அடைத்திருந்தேன். வால்வின் கைப்பிடியையும் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒருநாளும் மூடாத மனிதருக்குக் கைப்பிடி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. பிறகு காய்கறி வாங்கச் சின்னத் துடுப்புப் படகில் கரைக்குப் போனேன். மிதவைச் சட்டை படிக்கட்டுப் பக்கத்திலேயே தொங்கியது. அதை நான் தொடவில்லை, குறித்துக்கொள்ளுங்கள். முதுகு நனைந்ததும் எழுந்து, அதை மாட்டிக்கொண்டு குதிப்பார் என்று இருந்தேன்.

கரையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. உள்ளே தண்ணீர் ஏறுகிறது என்றார். பிறகு சொன்னார்: "வாஷ்பேசினுக்குக் கீழ, இடது பக்கம் பின்னாடி இருக்குமே, அந்த வால்வு. கைப்பிடியக் காணோம். எங்க வெச்சே?"

இடது பக்கம், பின்னாடி. நான் மண்டிபோட்டுக் கை நுழைக்கிற இடம். இத்தனை வருடமும் அது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

கைப்பிடி என் மடியில் பைக்குள் இருந்தது. மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு மேலே ஏறுங்கள் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். எனக்கு அது தெரியும்.

"அங்கதான் இருக்கும்," என்றேன். "நல்லா தேடிப் பாருங்க."

கழிவறைக்குள்தான் அவரைக் கண்டெடுத்ததாகச் சொல்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். கை தோள்வரை வாஷ்பேசினுக்குக் கீழே அலமாரிக்குள் இருந்ததாம். மிதவைச் சட்டை தொங்கிய இடத்திலேயே தொங்கியதாம். அதற்கு நான் என்ன செய்ய முடியும். கல்யாணமான நாளிலிருந்து, ஒரு பொருளை அவர் அவ்வளவு நேரம் தேடியது அதுதான் முதல் தடவை.