ஊசி ஏறினால் கைதட்டு

அவைக்குத் தலைமை தாங்கும் மேனேஜர் ஐயா அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! பின்வரிசையில் நின்று கால் மாற்றும் தோழர்களே! இங்கே வேலை முடித்து வீட்டு வேலைக்கு ஓடவேண்டிய தாய்மார்களே! வணக்கம்.

தொழிற்சாலையின் வாரக் கூட்டத்தில் வீட்டாரும் பேசலாம் என்றதால் மேடை ஏறிவிட்டேன்; முதலில் மன்னிப்பு. இந்த வயதில் எழுதப் பழகிய கை. எழுத்துகள் தாளில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கின்றன. நடுவில் திணறினால் பொறுத்தருளுங்கள். ஒரு வாரம் உட்கார்ந்து நானே எழுதியது! அந்தச் சுகத்தை என்னவென்று சொல்வேன்!

கம்ப்ரசர் என்பது என்ன? காற்றை இழுத்து, சுழலும் சக்கரத்தால் வீசி, அழுத்திக் குழாய்க்குள் அனுப்பும் எந்திரம். போகும் வழியை அகலத் திறந்தால் ஓட்டம் பெருகும், அழுத்தம் குறையும். வழியை இறுக்கினால் ஓட்டம் குறையும், அழுத்தம் ஏறும். ஏறும், ஏறும்... எதுவரை? போன காற்று திரும்பி வந்து முகத்தில் அறையும்வரை!

நம் ஐயாவுக்கு அழுத்தம் என்றால் உயிர். அழுத்த ஊசி பச்சைக் கோட்டைத் தொட்டால் கண்ட்ரோல் ரூமில் அனைவரும் கைதட்ட வேண்டும் என்பது அவர் கண்ட முறை. என்ன நுண்ணறிவு! ஓட்டம் காட்டும் ஊசிக்கு யார் தட்டினார்கள்? பாவம், அது அநாதை.

அன்று பக்கத்து ஷெட்டில் பழுது பார்க்கக் குழாயை அடைத்தார்கள். ஓட்டம் விழுந்தது, அழுத்தம் ஏறியது. கைதட்டல்! கண்ட்ரோல் ரூமில் எஞ்சினியராக இருக்கும் என் மருமகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய் வாசலில் நின்றிருந்தேன்.

“சார், ஓட்டம் விழுது. திருப்பு வால்வைத் திறந்து, போற காத்துல கொஞ்சத்தை மறுபடி உள்ளே விடணும்” என்றாள்.

“துப்பினதையே விழுங்கச் சொல்றியாம்மா? மூடியே இருக்கட்டும்” என்றார் ஐயா.

தொம்! காற்று பின்னோக்கி அறைந்தது. தரை குலுங்கியது. ஊசி விழுந்தது, எழுந்தது. எழுந்ததும் நம்மவர்கள் என்ன செய்தார்கள்? பழக்கதோஷம், கைதட்டினார்கள்! தொம்! கைதட்டல். தொம்! கைதட்டல். சுவர்க் கடிகாரம் விழுந்தது. அதற்கும் ஒருவர் தட்டினார். சிரிக்காதே வெல்டர் தம்பி, அது நீதான்.

ஐயாவோ தலைமைப் பண்புக்கு இலக்கணமாக, எல்லோருக்கும் முன்னால் நின்றார், வாசலில்! “நகருங்க பெரியவரே!” என்று என் தூக்குப் பாத்திரத்தையும் தட்டிவிட்டுப் பறந்தார்.

மருமகள் வால்வைத் திறந்தாள். ஓட்டம் கூடியது, ஊசி சற்று இறங்கி நின்றது, எந்திரம் அடங்கியது. இன்று அவள் எங்கே? வீட்டில்! உத்தரவை மீறி அழுத்தத்தைக் குறைத்த குற்றம்! வேலைநீக்க உத்தரவு ஐயாவின் சட்டைப்பையில்.

யாரங்கே, “மருமகளுக்கு வக்காலத்தா?” என்பது? ஆமாம்யா! மகனுக்கே நான் வாங்கியதில்லை.

எனக்குப் பின் ஐயா அந்த உத்தரவை வாசிப்பார். ‘அதன்பின் கைதட்டல்’ என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறது. எழுத்துக் கூட்டி நானே படித்தேன்!

தோழர்களே! ஊசி ஏறியதற்குத் தட்டினோம். உயிர் போக இருந்ததற்கும் தட்டினோம். அவள் பிழைப்புப் போவதற்கும் தட்டப் போகிறோமா? ஐயா வாசித்து முடிக்கும்போது கைகள் கட்டியே இருக்கட்டும்! அந்த அமைதியின் அழுத்தத்தை அவர் ஒருமுறை அளந்து பார்க்கட்டும்!

அடுத்த வாரக் கூட்டத்துக்கும் எழுதுவேன். அவள் வேலைக்குத் திரும்பினால் ஒரே தாள். இல்லையென்றால் ஒரு கட்டு, எழுத்துக் கூட்டிக் கூட்டி முழுவதும் வாசிப்பேன்.

அடடா, எனக்கே யாரும் தட்டவில்லையே! கட்டிய கைகள் அத்தனைக்கும் என் நன்றி, என் வணக்கம்.