செவ்வாய்க்கிழமை பதினொரு மணி

வீடு பார்க்க வருபவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி கொடுப்பது நல்லது. எங்கள் ஊர் மோர்கம்பில் மழை பெய்தாலும் அந்த நேரத்தில் கடல் பக்கத்து வெளிச்சம் முன்னறைக்குள் வரும். சுவரில் பூஞ்சை இருந்தால்கூட அவ்வளவாகத் தெரியாது. காலையில் இதைச் சொன்னபோது உங்களோடு இருந்த அதிகாரி சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. அதனால் மிச்சத்தை உங்களிடமே சொல்கிறேன்.

வெளிச்சம் ஒரு காரணம்தான். வேலைக்குப் போகிறவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணி ஒத்துவராது. ‘சாயங்காலம் வரலாமா, சனிக்கிழமை ஆகுமா’ என்று கேட்பார்கள். ‘ஓ, தாராளமா வர்றேனே’ என்று உடனே சொல்கிறவர் யாராக இருக்கும், நீங்களே யோசித்துப் பாருங்கள். அரசாங்க உதவித்தொகையில் வாழ்கிறவர்களுக்கு வீடு கிடையாது என்று விளம்பரத்தில் போடக்கூடாது. அது பாரபட்சம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாங்கள் அப்படிப் போடவில்லை. பதினொரு மணி என்று போட்டோம். வந்து நிற்பவர்களிடம், ‘மன்னிக்கணும், இப்பத்தான் போயிடுச்சு’ என்றோம்.

யோசனை என்னுடையது. எங்கள் வாடகை ஏஜென்சியின் முதலாளி ஹோல்டன் என் தோளைத் தட்டி, “யுனிவர்சிட்டில இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்களா லியான்?” என்றார்.

யுனிவர்சிட்டியில் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் பிறந்த தெருவில் கற்றுக்கொண்டது. என் அம்மாவுக்குச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணி எப்போதும் ஒத்துவந்தது. வேறெந்தக் கிழமையும் ஒத்துவந்தது. யாராவது பணம் கேட்டுக் கதவைத் தட்டினால் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு சோபாவுக்குப் பின்னால் உட்கார எனக்கு மூன்று வயதிலேயே தெரியும். என் பட்டமளிப்பு விழாவுக்கு அம்மா வீட்டுச் செருப்போடு வந்தாள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். படிப்பு முடியும்வரை மீன் பொரிக்கும் கடையில் நின்றேன். பட்டமளிப்பு அங்கியைப் போட்டபோதும் தலைமுடியில் எண்ணெய் வாடை போகவில்லை. யாரும் எனக்குச் சும்மா எதுவும் கொடுத்ததில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

பெவர்லியும் அப்படி ஒரு செவ்வாய்க்கிழமைதான் வந்தாள். எல்லோருக்கும் அவள் பெவ். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பக்கத்து வீடு. அவள் புருஷன் கென் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அவரைப் பார்த்துக்கொள்ள முதியோர் இல்லத்துச் சலவை வேலையை விட்டாள். இருவரும் ஆயுசு முழுக்க உழைத்தவர்கள் என்று சொல்லப்போகிறீர்கள். எனக்கும் தெரியும். வீடு கேட்டு வந்த அன்றைக்கு அவர்கள் உதவித்தொகையில் இருந்தார்கள். நான் அன்றைக்கு உள்ளதைத்தான் பார்க்க முடியும்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். வீடு போய்விட்டது என்றேன்.

“போயிடுச்சா? அப்ப வாசல்ல ‘வாடகைக்கு’ன்னு பலகை எதுக்குடி நிக்குது, காத்து வாங்கவா?” என்றாள். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தாள். “அட, லியான் கண்ணு! எங்க வீட்டு மேசை உயரம் இருந்தவ. கோட்டு என்ன, காலணி என்ன!”

ஹோல்டன் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். பெவ்வுக்குப் பேச்சுக்கு ஆள் கிடைத்துவிட்டது.

“உங்க ஆபீஸ் பொண்ணு எங்க வீட்டுச் சாப்பாட்டுல வளர்ந்தவ, சார். அவ அம்மாவுக்கு அரசாங்கத்து பெனிஃபிட் பணம் புதன்கிழமைதான் வரும். செவ்வாய்க்கிழமை ஆனா டாண்ணு எங்க சமையலறையில இருப்பா. மாவுக்குள்ள வச்சுச் சுட்ட உருளைக்கிழங்கு ‘பை’, நாலு துண்டு. எலிக்குஞ்சு மாதிரி இருந்துக்கிட்டு எங்கடி வச்ச அவ்வளவையும்?”

அன்பாகத்தான் சொன்னாள். அவளிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே அன்போடு ஹோல்டனிடம் திரும்பி, “பெனிஃபிட்காரின்னு ஒரு பொண்ணுக்கு வீடு இல்லன்னு சொன்னாங்களாம். அவ கோர்ட்டுக்குப் போயி ஜெயிச்சிட்டா. பேப்பர்ல பாத்தீங்களா சார்?” என்றாள்.

ஹோல்டன் பார்த்திருந்தார். பழைய மீன் கிடங்குக்குப் பின்னால் ஒரு வீடு வேறு யாரும் சீண்டாமல் கிடந்தது. அதை அவளுக்குக் கொடுக்கச் சொன்னார். அவள் போனபின், “கொஞ்ச மாசம் இருக்கட்டும். அப்புறம் நீயே நாசூக்கா கிளப்பி விட்டுடு. உனக்குத்தான் அந்த ஜாதி ஜனம் தெரியுமே” என்றார். அன்றிலிருந்து ஆபீசில் என் பெயர் பெனிஃபிட் பாப்பா. ‘பெனிஃபிட் பாப்பா, டீ போடும்மா.’ ‘பெனிஃபிட் பாப்பா, இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை, சாப்டியா?’ நான் கோபப்படவில்லை. டீ போட்டேன்.

காத்திருந்து, சட்டம் அனுமதித்ததும், வீட்டைக் காலி செய்ய நோட்டீஸ் கொடுத்தேன். தேதி கடந்தும் அவர்கள் போகவில்லை. நேரில் போய்க் கேட்டேன். கென் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். ஒழுகும் வாய் ஓரத்தைப் பெவ் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே பேசினாள்.

“நாங்க என்னடி பண்றது? ஊர்க் கவுன்சில்ல கேட்டேன். நீங்களா வெளியேறினா எங்களால ஒண்ணும் செய்ய முடியாதுங்கிறாங்க. கோர்ட் ஆளுங்க வந்து கதவைத் தட்டுற வரைக்கும் நகராதீங்க, அப்பத்தான் வேற வீடு தருவோம்கிறாங்க. எனக்கு மட்டும் இது பிடிச்சிருக்கா?”

“பழகிடும்” என்றேன்.

“நாங்க கேட்டு வாங்குனது இல்லடி இது. நிலைமை அப்படி ஆயிடுச்சு.”

எல்லோரும் சொல்வது இதைத்தான். அம்மாவும் இதைத்தான் சொல்வாள்.

பிறகு குளிர் வந்தது. பெவ் வீட்டைச் சூடாக்கும் பாய்லரின் வருஷாந்திரச் சோதனைக்குப் போன கேஸ் மெக்கானிக் ராய் எனக்கு போன் செய்தார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். “அந்த பாய்லர் செத்துப்போச்சு பாப்பா. உள்ள வெடிப்பு. விஷப் புகை வெளிய போகாம வீட்டுக்குள்ளயே திரும்புது. கேஸ மூடி, சிவப்பு அட்டை ஒட்டிட்டேன். புதுசு மாட்டுற வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது. தொட்டா, ரெண்டு பேரும் தூக்கத்துலயே போயிடுவாங்க.” நன்றி சொல்லி வைத்தேன்.

ஹோல்டனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த வாரமே புது பாய்லர் போயிருக்கும். அவர் சட்டத்துக்குப் பயந்த மனிதர். புது பாய்லர், அவர்களுக்கு. நான் வாடகைக்கு இருக்கும் அறையில் போன குளிர்காலம் முழுக்கக் கோட்டோடு தூங்கினேன். வீட்டுக்காரரிடம் கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்துபோனது. நான் வேலை பார்க்கிறவள். எனக்கு யாரும் ஓடி வரவில்லை.

ஆனால் வீட்டைச் சூடில்லாமல் விடவும் முடியாது. அவள் கவுன்சிலுக்குப் போவாள், என் நோட்டீஸ் செல்லாமல் போகும், காலி செய்யும் வழக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு பக்கமும் யோசித்துத்தான் முடிவு செய்தேன். கென்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் நாள் எனக்குத் தெரியும், பெவ்தான் சொல்லியிருந்தாள். ஆபீஸ் சாவியில் கதவைத் திறந்தேன். சிவப்பு அட்டையைக் கிழித்தேன். கேஸைத் திறந்துவிட்டேன். பாய்லர் ஒரு தரம் இருமிவிட்டு எரிந்தது. சமையலறைக் கூரையில் விஷவாயு எச்சரிக்கைக் கருவி இருந்தது. நாற்காலி போட்டு ஏறி, அதன் பேட்டரிகளை எடுத்தேன். ஆபீஸ் கடிகாரத்தில் போட்டிருக்கிறேன். வேண்டுமானால் போய்ப் பாருங்கள், இப்போது சரியாக ஓடுகிறது.

பெவ்வுக்கு போன் செய்து, பாய்லரைச் சரி செய்தாகிவிட்டது என்றேன். மறுநாள் மத்தியானம் துணியில் சுற்றிய பாத்திரத்தோடு ஆபீசுக்கு வந்தாள். உருளைக்கிழங்கு பை.

“சூடா இருக்குடி வீடு. கென் கை விறைப்புகூடக் கொஞ்சம் விட்டிருக்கு. நீ சொல்லித்தான் நடந்திருக்கும், எனக்குத் தெரியும். எவ்வளவு கோட்டு போட்டாலும் நீ எங்க லியான்தான்.”

பின்னாலிருந்து யாரோ, “பெனிஃபிட் பாப்பாவுக்குச் சாப்பாடு வந்தாச்சு” என்றார்கள். பெவ்வும் கூடச் சிரித்தாள். அவளுக்கு அது என்னவென்று தெரியாது.

அந்த உருளைக்கிழங்கு ‘பை’ முழுவதையும் நான் சாப்பிட்டேன். வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. வெங்காயம் நிறையப் போட்டிருந்தாள். அப்போதும் அப்படித்தான் போடுவாள்.

அந்த வாரக் கடைசியில் போன் செய்தாள். இரண்டு பேருக்கும் தலைவலி, வாந்தி வருவதுபோல் இருக்கிறது, கென் பகலெல்லாம் தூங்குகிறார் என்றாள். “வீட்டுக்குள்ள காத்தே இல்லாத மாதிரி இருக்குடி. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கவா?”

இந்த இடத்தை நீங்கள் மூன்றாம் முறையாகக் கேட்கிறீர்கள். குரலை உயர்த்தாமல் கேட்கிறீர்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது. சொல்கிறேன். ராய் சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. வெளியே போய் நில்லுங்கள் என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். “திறக்காதீங்க பெவ், சூடெல்லாம் வீணாப் போயிடும். கென்னுக்குக் குளிர் ஆகாது. நல்லாச் சாத்திட்டுப் படுங்க” என்றேன்.

“சரிடி கண்ணு” என்றாள்.

உடம்புக்கு ஆகாமல் அவர்களே கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்ததாக முதலில் உங்களிடம் சொன்னேன். அது பொய். போவதற்கு இடமில்லாதவர்கள் கிளம்ப மாட்டார்கள். எந்த ஏஜென்சியும் அவர்களுக்குக் கதவைத் திறக்காது. அதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்த ஊரில் கிடையாது. கோர்ட் ஆட்களுக்குக் காத்திராமல் அவர்கள் அந்த வீட்டை விட்டு வெளியேற ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதை நான் திறந்துவிட்டேன். அவர்களைக் கொன்றது நான்தான். கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன்.

கென் நாற்காலியில் இருந்தார், அவள் தரையில், தலை அவர் மடியில் இருந்தது என்று சொன்னீர்கள். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன என்றும் சொன்னீர்கள். பெவ் எப்போதும் சொன்ன சொல் கேட்பாள்.

வேறென்ன. டீக்கு நன்றி. போர்வைக்கும். ஸ்டேஷனுக்குள் வந்ததும் வக்கீல் வேண்டுமா என்று கேட்டார்கள். என்னிடம் அவ்வளவு வசதி இல்லை என்றேன். காசு வேண்டாம், அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். சரி என்றேன். அந்த வக்கீல் நல்ல பெண், பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். பேசாமல் இருக்கத்தான் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை. சாயங்காலம் சூடாக ஏதோ சாப்பிடவும் கொடுத்தார்கள். என்னை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அது வேறு, இது வேறு. நான் கேட்டு வாங்கவில்லையே. நிலைமை அப்படி ஆகிவிட்டது.