கதவில்லாத கடை

ஒட்டுசுட்டான் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி ஊரில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருப்பவள். மற்றவர் அதே ஊர் அக்கா. அவர் மடியில் இரண்டு பெரிய டவுன் கடைப் பைகள்.

“கடைக் கதவைக் கழட்டிப்போட்டன் அக்கா,” என்றாள் கடைக்காரி.

“உனக்கென்ன விசரே! பிறகு எப்பிடிப் பூட்டுறாய்?”

“பூட்டுறேல்லை. உப்பு மூட்டையை ஆரும் களவெடுக்கமாட்டினமெண்டு வெளியில விட்டிட்டுத்தானே முந்திப் பூட்டுறனாங்கள்? யானை வந்து திண்டு பழகிட்டுது. மூட்டையை உள்ளுக்கு வைச்சன், சுவரை உடைச்சுது. திருப்பிக் கட்டினன், திருப்பியும் உடைச்சுது. இனி வாசலாலயே தும்பிக்கையை விட்டுத் திண்டிட்டுப் போகட்டும்.”

“ஐயோ! கள்ளர் வந்தால்?”

“யானை வாற கடைக்குக் கள்ளன் வருவானே?”

“அப்ப உப்பு விக்கிறதை விடன்!”

“அதொண்டுதான் அக்கா விக்குது. மற்றச் சாமான் முழுக்கச் சனம் டவுனில வாங்குது. அங்க மறந்துபோன உப்புக்குத்தான் என்னட்ட வருது.”

அக்கா திடுக்கிட்டு மடியிலிருந்த பைகள் இரண்டையும் கிளறிப் பார்த்தார்.

“நானும் மறந்துபோனன் பிள்ளை.”