தோள் பட்ட நீலம்

“அக்கா, எல்லாரையும்விட நீங்கள்தான் அந்தப் படத்தைக் கனநேரம் பார்க்கிறனீங்கள்.”

குறிகட்டுவானில் நயினாதீவுப் படகுக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால் கேட்ட பேச்சு. துறைச் சுவரில் வரைந்திருக்கும் கடல் ஓவியத்தை யார் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்க வந்த பிள்ளை, சந்தைப் பையோடு நின்ற ஒரு பெண்ணிடம் சொன்னாள்.

“படத்தில உங்களுக்கு எது பிடிக்கும்?”

“கீழ ஒரு இடம் நீலம் கலைஞ்சு கிடக்கெல்லே. அதுதான்.”

“அது பழுதான இடம், அக்கா. பெயின்ற் காயமுதல் ஆரோ சாய்ஞ்சிட்டினம்.”

“ஓம். என்ரை மனுசன். கனடாவுக்கு வெளிக்கிட்ட அண்டைக்கு, நீலத் தோளோடதான் பஸ் ஏறினவர். போட்டிருந்த சேட்டில அந்தக் கறை இன்னும் போகேல்லையெண்டு போனில சொல்லுவார். அவருக்குத்தான் இன்னும் வரக் கிடைக்கேல்லை.”

பிள்ளை கையிலிருந்த கணக்குத் தாளைப் பார்த்தாள்.

“அடுத்த கிழமை அந்த இடத்தைத் திருத்த வருகினம், அக்கா.”

படகு வந்து, வரிசை நகர்ந்தது. அந்தப் பெண் நகரவில்லை.

“பிள்ளை, எல்லாருக்கும் பிடிச்சது அந்த இடம்தான் எண்டு எழுதிவிடுமன்.”