ஏசிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு கூடு

தாயும் தகப்பனுமா நின்னு எல்லா உயிரையும் காக்கிறவனே, நீதான் துணை… ஐயோ, பாத்து தம்பி, பாத்து! அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும். இந்தப் பக்கமா ஏறுங்க. ஸ்குரூவ இப்பக் கழட்ட வேணாம், கொஞ்சம் பொறுங்க. யாரு எதுல ஏறுனாலும் ஆண்டவன ஒரு தடவ கூப்பிட்டுக்கிறது என் பழக்கம். நீங்க ஏறுறதுக்கு நான் கூப்பிடுறேன்னு சிரிக்கிறீங்க. சிரிங்க, சிரிங்க. கேக்க நல்லா இருக்கு.

ஆமா, அதேதான். பாத்துட்டீங்களா? புறாக் கூடு. கூடுன்னு சொல்றதே ஒரு மரியாதைக்குத்தான். நாலு குச்சி, கொஞ்சம் தொடப்பக் கீத்து, என் பொண்ணு தொலைச்ச தல ரப்பர் ஒண்ணு. இத வச்சு ஒரு குடும்பமே நடத்திருச்சு. நாம செங்கல் வச்சு, சிமெண்ட் வச்சு, கதவுக்கு ரெண்டு பூட்டுப் போட்டும் ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது.

எல்லா வீட்டுலயும் இதே கததானா? அப்படியே ஒரு கவர்ல வாரி, கீழ கொண்டு போய்… சரி, சரி. குத்தம் சொல்லல தம்பி. உங்க தொழிலு அது. எச்சம் விழுந்து ஏசிக்குள்ள இருக்கிற செப்புக் காயில் அரிச்சுப் போகும்னு எனக்கும் தெரியும். தண்ணியடிச்சுக் கழுவாம வேல ஆகாதுன்னும் தெரியும். முதல்ல எறங்கி டீயக் குடிங்க. உங்களுக்கும் சேத்துத்தான் போட்டேன். சக்கர கூட இருந்தாச் சொல்லாதீங்க, கொறச்சலா இருந்தாச் சொல்லுங்க. அடுப்படிக்கு நான் புதுசு.

நானா? கண்ணாடிக் கடையில வேல. டாக்டரு எழுதிக் குடுக்கிற லென்ஸ ஃப்ரேமுக்குத் தகுந்த மாதிரி விளிம்பு தேச்சு உக்கார வைக்கணும். மயிரிழை கூடிப் போனா ஃப்ரேம்ல ஏறாது. கொறஞ்சு போனா விழுந்துடும். எல்லாருக்கும் பார்வைய சரி பண்ணிக் குடுக்கிறவன், என் கண்ணு முன்னாடி இருந்தத… சரி, அத விடுங்க. இன்னிக்கு லீவு போட்டிருக்கேன்.

பிள்ளைங்களா? ரெண்டு பேரு. மூத்தவ பொண்ணு, ரெண்டாவது படிக்கிறா. சின்னவன் இப்பத்தான் பள்ளிக்கூடம்னு ஒண்ணு உலகத்துல இருக்கிறதையே மன்னிச்சிருக்கான். அவங்கம்மா மூணாவதுக்காக ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தா. கர்ப்பப்பை வாய் பலமில்ல, அசையாமப் படுத்திருந்தாத்தான் புள்ள நிக்கும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. மாமியார் அவ கூட இருக்காங்க. இங்க நானும் பிள்ளைங்களும். அவ போனப்போ இந்தத் தெரு மரமெல்லாம் மொட்டையா நின்னுச்சு. இப்பப் பாருங்க, எப்படித் துளிர்த்து நிக்குதுன்னு. வெயில் பட்டா ஒவ்வொரு இலையும் எண்ண தடவுன மாதிரி மின்னுது. வசந்தம்னு புஸ்தகத்துல என்னென்னமோ எழுதுறாங்க. தனியா இருக்கிறவனுக்கு ஜன்னலத் திறந்தாலே கொஞ்சம் கூச்சமா இருக்கு தம்பி. வெளிய அத்தன கொண்டாட்டம். உள்ள ரெண்டு தட்டு பாலும் ரொட்டியும், தலவாரத் தெரியாத அப்பனும்.

காலையில சாமி கும்பிடுறது மட்டும் விட்டுப் போகல. அதோ தெரியுது பாருங்க, அந்த அலமாரிதான். அவ வச்ச சட்டம் ஒண்ணு இருக்கு. முதல்ல ஊருக்கு வேண்டிக்கணும், அப்புறம் வீட்டுக்கு, கடைசியிலதான் தனக்கு. பிள்ளைங்க அத அச்சு மாறாமப் பிடிச்சுக்கிட்டாங்க. வேன் ஓட்டுற மாமாவுக்கு இடுப்பு வலி போகணும். டீச்சரம்மாவுக்கு ஜலதோஷம் விடணும். முனையில நிக்கிற நொண்டி நாய்க்கு எலும்பு கெடைக்கணும். சின்னவன் ஒரு நாளு தெருவுல இருக்கிற ஒவ்வொரு வீட்டையும் பெயிண்ட்டு நெறத்தச் சொல்லிச் சொல்லி வேண்டுனான். இவங்க ஊரச் சுத்தி முடிக்கிறதுக்குள்ள கீழ வேன்காரரு ஹாரன் அடிச்சிடுவாரு. தனக்குன்னு கேக்க நேரமே இருக்காது. எங்க வீட்டு விண்ணப்பம் ஒண்ணும் மேல போய்ச் சேரலன்னா அதுக்கு வேன்காரருதான் காரணம்.

சிரிச்சிட்டீங்க. நல்லது.

அப்பத்தான் இந்தப் புறா வந்து சேந்துச்சு. ரெண்டு முட்ட வச்சுது. வச்சு, உக்காந்துச்சு பாருங்க, தவசி மாதிரி. பக்கத்துல போனாலும் கண்ண மட்டும் உருட்டும், எந்திரிக்காது. ஏன்ப்பா அது எந்திரிக்கவே மாட்டேங்குதுன்னு சின்னவன் கேட்டான். நான் வாயத் தெறக்கிறதுக்குள்ள மூத்தவ சொல்லிட்டா. எந்திரிச்சா முட்ட சில்லுனு ஆயிடும்டா, உள்ள இருக்கிற பாப்பாவுக்கு ஆகாது. அவன் ரொம்ப நேரம் யோசிச்சான். அப்புறம் என் சட்டையப் பிடிச்சு இழுத்து ரகசியமாக் கேக்கிறான். அப்போ அம்மாவும் முட்ட மேலதான் படுத்திருக்காளாப்பா?

நான் என்ன சொல்ல? கர்ப்பப்பைன்னு விளக்கவா? அந்த மாதிரிதான்டான்னுட்டேன். போச்சு. மறுநாளு பள்ளிக்கூடத்துலேர்ந்து டீச்சரம்மா போன் பண்றாங்க, சிரிப்ப அடக்க முடியாம. சார், உங்க பையன் கிளாஸ்ல எல்லாருக்கும் சொல்றான், எங்கம்மா ஆஸ்பத்திரியில முட்ட மேல படுத்திருக்கா, யாரும் சத்தம் போடக் கூடாதுன்னு. அன்னிக்கு வகுப்பே அவ்வளவு அமைதியா இருந்துச்சாம். நான் அத அவகிட்ட போன்ல சொன்னேன். அவ சிரிச்ச சிரிப்புல நர்ஸம்மா ஓடி வந்து போனப் பிடுங்கிட்டாங்க. வயிறு குலுங்கக் கூடாதாம்.

அன்னியிலேர்ந்து வேண்டுதல்ல ஒரு வரி சேந்துச்சு. ரெண்டு பேரும் கையக் கூப்பிக்கிட்டு, கண்ண இறுக்கி மூடிக்கிட்டு சொல்லுவாங்க. சாமி, புறா முட்டையும் எங்கம்மா முட்டையும் உடையாமப் பாத்துக்கோ. இது எந்தக் கணக்குல சேரும், ஊருக்கா, வீட்டுக்கா, தனக்கான்னு மூத்தவளுக்குச் சந்தேகம். மூணுலயும் வரும்னு அவளே தீர்ப்பும் சொல்லிட்டா.

இன்னொண்ணு கேளுங்க. பகல்ல உக்காந்து அடை காக்கிறது ஆம்பளப் புறாவாம். பொம்பளப் புறா எர தேடப் போயிடுமாம். இதுவும் டீச்சரம்மா சொன்னதுதான். உடனே சின்னவனுக்குக் கவல. அப்பா புறாவுக்கு வேலைக்கிப் போக வேணாமான்னு கேட்டான். அது லீவு போட்டிருக்கும்டான்னேன். அந்தப் புறாவும் நானும் ஒருத்தர ஒருத்தர் ரொம்பப் பாத்துக்கிட்டோம் தம்பி. பிள்ளைங்க போனப்புறம், நான் கடைக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி, கொஞ்ச நேரம் இங்க வந்து நிப்பேன். என்னய்யா, சௌக்கியமான்னு கேப்பேன். இந்தக் கட்டடத்துல என்கிட்ட ஒண்ணும் திருப்பிக் கேக்காத ஆளு அது ஒண்ணுதான். மத்தவங்கல்லாம் லிஃப்டுல பாத்தாப் போதும், வீட்ல எப்படி இருக்காங்க, எத்தன மாசம், டாக்டர் என்ன சொன்னாருன்னு கேப்பாங்க. நல்ல மனுசங்கதான். நல்லா இருக்கா, நல்லா இருக்கான்னு சொல்லிச் சொல்லியே என் நாக்குத் தேஞ்சு போச்சு.

குஞ்சு பொரிச்சிருச்சு. ரெண்டும் பொரிச்சிருச்சு. மஞ்ச மஞ்சயா முடி, கண்ணு தெறக்காம, மூக்கு மட்டும் பெருசா. சின்னவன் பாத்துட்டு மூஞ்சியச் சுளிச்சான். நல்லாவே இல்லப்பா, நம்ம பாப்பாவும் இப்படி இருந்தா என்ன பண்றதுன்னான். மூத்தவ அதட்டுனா. சாமி குடுத்தா குடுத்தத வாங்கிக்கணும்டா. பிடிக்கல கிடிக்கலன்னு சொல்லக் கூடாது. அவளுக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்ததுன்னு தெரியல. நான் இல்ல.

குடிச்சிட்டீங்களா? இன்னும் கொஞ்சம்… சரி, நேரமாகுது, அடுத்த வீட்டுக்குப் போகணும். தெரியுது.

அவ படுக்கப் போற ரூம் இதுதான். கட்டில ஜன்னல் பக்கமா இழுத்துப் போட்டிருக்கேன். ஆமா, படுத்தா அந்தப் பெட்டி நேரா தெரியும், கூடும் தெரியும். அவ இன்னிக்கு சாயங்காலம் வர்றா. அதான் அதுக்குள்ள முடிக்கணும்னு அவசரமா வரச் சொன்னேன்.

அட, இனிப்பு எங்கன்னு கேக்கிறீங்களா தம்பி… என்ன சொன்னீங்க? பச்சக் குழந்தைக்கு ரொம்ப சில்லுனு வைக்கக் கூடாதா? காத்து நேரா மேல படாமத் திருப்பி விடணுமா? உங்க வீட்டுலயும் கைக்குழந்தையா? அப்படியா, பொண்ணா? சந்தோசம். ரொம்ப சந்தோசம்.

அதெல்லாம் இங்க வேண்டியிருக்காது தம்பி. குழந்த இல்ல. நேத்து போயிடுச்சு.

பரவால்ல, பரவால்ல, உக்காருங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்? அவ நல்லா இருக்கா. உயிருக்கு ஒண்ணும் இல்ல. பையன்னு சொன்னாங்க. நான் கடையில ஒரு பெரியவருக்கு லென்ஸ் ஏத்திக்கிட்டிருந்தேன். மாமியார் போன்ல ஒரு வார்த்ததான் சொன்னாங்க. நான் அந்தக் கண்ணாடிய முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போனேன். மயிரிழை பிசகல. அதுதான் எனக்கு இன்னும் புரியல.

யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டத்தான் முதல்ல சொல்றேன். பிள்ளைங்களுக்கும் தெரியாது. இன்னிக்குக் காலையில ரெண்டும் குளிச்சு, அலமாரி முன்னாடி வந்து நின்னுச்சுங்க. வேன்காரரு இடுப்பு, டீச்சரம்மா ஜலதோஷம், நொண்டி நாய், எல்லாம் வரிசையா வந்துச்சு. புறாவுக்காக சாமிக்கு நன்றி சொன்னாங்க, குஞ்சு ரெண்டும் பத்திரமா வந்ததுக்கு. அப்புறம், எங்கம்மா முட்ட உடையாமப் பாத்துக்கோன்னு கண்ண மூடிக்கிட்டு சொல்றாங்க. நான் அவங்களுக்குப் பின்னாடி கையக் கூப்பிக்கிட்டு நிக்கிறேன். எனக்குத் தெரியும். சாமிக்கும் தெரியும்.

பழைய துதிப்பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம் தம்பி, சின்ன வயசுலேர்ந்து. அதுல அடியாருங்க ஆண்டவனையே நிக்க வச்சுத் திட்டுவாங்க. உனக்குக் கண்ணில்லயா, காதில்லயா, நீ நல்லா வாழ்ந்து போன்னு வைவாங்க. பாட்டுக்கு ஒரு அழகு, உரிமையில பேசுறாங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இன்னிக்குக் காலையில பாட வாயத் தெறந்தேன். அந்த இடம் மட்டும்தான் வந்துச்சு. மத்ததெல்லாம் வரல. அதுவும் அவன்கிட்டத்தானே சொல்றேன்? வேற யாருகிட்டப் போய்ச் சொல்ல?

உண்மையச் சொல்லிடுறேன். ஏசிக்கு ஒண்ணும் இல்ல. போட்டுப் பாருங்க, ஜோரா ஓடும். கூட்ட எடுக்கணும்னு சொன்னா யாரு வருவாங்க? அதான் சர்வீஸ்னு சொல்லி உங்களக் கூப்பிட்டேன். வெறும் வயித்தோட வந்து அவ இந்தக் கட்டில்ல படுக்கணும். கண்ண முழிச்சா நேரெதிர்ல ரெண்டு குஞ்சு வாயப் பொளந்துக்கிட்டு. அத அவ எப்படிப் பாப்பா? நானே எடுத்துடலாம்னுதான் காலையில ஸ்டூலப் போட்டு ஏறுனேன். அந்த ஆம்பளப் புறா எந்திரிக்கல. என்னையப் பாத்துச்சு. எறங்கிட்டேன். நீங்க வந்ததுலேர்ந்து டீயக் குடுத்து, கதையச் சொல்லி உங்க கையக் கட்டிப் போட்டதும் அதுக்குத்தான். எடுங்கன்னு சொல்ல வாய் வரல. வேணாம்னு சொல்லவும் வரல.

அவகிட்டக் கேக்கிறதா? எப்படிக் கேப்பேன்? காலையில போன்ல அவதான் பேசுனா. பிள்ளைங்க சாப்பிட்டுச்சான்னு கூடக் கேக்கல. அப்புறம் கேட்டா. குஞ்சு ரெண்டும் இருக்கான்னா. இருக்குன்னேன். கண்ணு தெறந்துச்சான்னா. ஒண்ணு தெறந்துருச்சுன்னேன். சரின்னு வச்சுட்டா.

ஆமா… ஆமா தம்பி. நீங்க சொல்றது சரி. வேற எதையும் கேக்கல அவ. இதத்தான் கேட்டா.

அப்போ எடுக்க வேணாம். ஸ்டூல ஓரமா வச்சிடுங்க. வந்த கூலிய மட்டும் வாங்கிக்கணும், அத மறுக்காதீங்க. இன்னிக்குத் திரும்பி வர்றதுக்கு வேன் வேணாம்னு சொல்லிட்டேன். பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வர நானே நடந்து போறேன். வர்ற வழியில அந்தத் துளிர்த்த மரத்துக்குக் கீழ நிப்பாட்டிச் சொல்லிடணும். வீட்டுக்கு வந்து அவ மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாது. மூத்தவ அழுவா. சின்னவன், உடஞ்சிருச்சாப்பான்னு கேப்பான். ஆமான்னு சொல்லிடுவேன். சாமிகிட்ட அவ்வளவு சொன்னோமேன்னு கேட்டா… அப்பாவும் அதையேதான் அவர்கிட்டக் கேட்டுக்கிட்டிருக்கேன்னு சொல்லுவேன். மூணு பேருமாச் சேந்து கேப்போம்.

கண்ணத் தொடச்சுக்கங்க தம்பி. வண்டி ஓட்டணும் நீங்க. வீட்டுக்குப் போனதும் அந்தப் பொண்ணத் தூக்கி ஒரு முத்தம் குடுங்க, நான் குடுத்ததா இருக்கட்டும். அது நூறு வயசு இருக்கணும், கால் தடுக்காம நடக்கணும். உங்க கை ஏணியில நழுவாம இருக்கணும். ஒருத்தன் சொல்றத இவ்வளவு நேரம் பொறுமையாக் கேட்டதே உங்க காது, அந்தக் காதுக்கு என்னிக்கும் நல்ல சேதியே வந்து சேரணும். இந்தக் கத யாரு காதுக்குப் போனாலும், அவங்க வீட்டுத் தொட்டில ஆண்டவன் வெறுமையா விடாம இருக்கட்டும். போயிட்டு வாங்க. நல்லா இருங்க.