இஸ்லாம் பாடத்தில் முதலாம் பிள்ளை

பஸ்ஸில் அடுத்தவர் கதையைக் கேட்பதற்காகத் தூங்குவதுபோல் நடிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. இந்த வயதில் திருந்துவேன் என்ற நம்பிக்கையும் இல்லை. அன்று கற்பிட்டியிலிருந்து புத்தளம் வரும் வழியில், முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் கழுத்தில் சிலுவை. மற்றவள் கறுப்பு அபாயா.

"எண்ட மகள் இஸ்லாம் பாடத்தில முதலாம் பிள்ளையா வந்திட்டாள் ராத்தா. வீட்டில பெரிய சண்டை," என்றாள் சிலுவைக்காரி.

"மாஷா அல்லாஹ்! அதுக்கு ஏன் சண்டை?"

"உங்கட பள்ளிக்கூடத்தில எங்கட சமயம் படிப்பிக்க ஆளில்லைதானே, அதுதான் அந்த வகுப்பில இருந்தவள். இப்ப கோயில் சுவாமி விசுவாசப் பிரமாண செபம் சொல்லச் சொன்னா, அரைவாசியில நிண்டிட்டாள். எண்ட மனுசன் சிலாபத்தில சிஸ்டர்மாரிட பள்ளிக்கூடத்துக்கு மாத்தச் சொல்லுது."

"ஐயோ, மாத்தாதீங்க புள்ள. அவதானே எண்ட மகனுக்கு இஸ்லாம் சொல்லிக் குடுக்கிறா."

"அவன்ட வாப்பா மௌலவிதானே? அவர் சொல்லிக் குடுக்கலாமே?"

"அவர் சொல்லிக் குடுத்துத்தான் போன தவணை பெயிலானான்."

சிலுவைக்காரி சிரிக்கவில்லை. "ஞாயிறு மறைக்கல்விக்கு ஒழுங்கா போனா மனுசன் விடும். ஆனா நான் விடிய மீன் வாடிக்கு கருவாடு காயப்போடப் போயிருவன். ஆர் கூட்டிப் போறது?"

"நான் கூட்டிப் போறன். கோயில் வாசல் வரைக்கும். பிந்தினா நானே ஏசுறன்."

"அப்ப மனுசனிட்டச் சொல்லிப் பாக்கிறன்."

பாலாவியில் இருவரும் எழுந்தார்கள். அபாயாக்காரி இறங்குமுன் என் பக்கம் குனிந்தாள்.

"கண்ணைத் தொறங்க ஐயா. கதை முடிஞ்சி."