கழுத்துத் தண்ணி

— அந்தக் கரும்பு ஆபீஸ் ஜீப்ப நான் தூக்குன தூக்குல, விக்டோரியாம்மா, எருமை ஒண்ணு அதும் அடியில பூந்து அந்தாண்ட வந்துச்சு. கொம்பு கூட இடிக்கல.

— எருமையா, கன்னுக்குட்டியா மேஸ்திரி?

— சினை எருமை. எளாவூர் செக்போஸ்ட்டுல நின்ன கல்கத்தா லாரிக்காரன் அத்தினி பேரும் எறங்கி வந்து பாத்தானுங்க. இந்த செங்கல்வராயன் கொறச்சித்தான் சொல்லுவான்.

— அதான் உங்ககிட்ட வந்தேன். திங்கக்கிழமைக்குள்ள எங்க மிஷன் ஆஸ்பத்திரி ஜீப் பழவேற்காடு ஓடையத் தாண்டி இந்தக் கங்கம்மா குப்பத்துக்குப் போய்க் காட்டணும். இல்லன்னா மிஷன்ல வண்டியத் திருவள்ளூருக்கு அனுப்பிடுவாங்க. இவ மகளுக்கு ஒன்பதாம் மாசம்.

— போன தபா தோணி வரதுக்குள்ள புள்ள போயிடுச்சு நைனா.

— அழாத கங்கம்மா. இது மிலிட்டரி ஏலத்துல எடுத்த வண்டி, பொறவியிலயே சண்டைக்காரன். கேளுங்க நர்ஸம்மா. அச்சுக்கும், வண்டியத் தாங்கற கமான் பட்டைக்கும் நடுவுல கட்டைய சொருகித் தூக்கறது ஒரு வழி. சல்லிசு. ஆனா சேத்துல கட்டை நழுவும். நான் லாரிப் பட்டை ரெண்டு ரெண்டு சேத்து நாலு இஞ்சி தூக்கறேன்.

— தூக்கித் தூக்கிப் போடுமே. மருந்து பாட்டிலெல்லாம் இருக்கு.

— புதுப் பட்டைதான் மொரடு. நான் போடறது கல்கத்தா வரைக்கும் நூறு தபா போய் வந்த பட்டை. அதுக்குப் பொறுமை வந்திருக்கும். நீங்க ஊசி போட்டுக்கினே வரலாம்.

— பெரிய சக்கரம் போட்டாலே போதும்னு எங்க டிரைவர் சாலமோன் சொன்னாரே?

— அத மட்டும் போட்டா என்ஜின் திணறும், சேத்துல குந்திக்கும். அதுக்குத்தான் முன்னாடி பின்னாடி ரெண்டு அச்சுலயும் கியர் பல்லு மாத்தறேன். வேகம் செத்துடும், இழுவை வந்துடும். ஆந்திரா பார்டர்ல கவுறு கட்டி இழுத்தா பார்டரே இந்தாண்ட வந்துடும்.

— உங்கள மாதிரி ஆள நான் பாத்ததே இல்ல மேஸ்திரி.

— எங்க ஊட்லயும் அதான் சொல்லுது, வேற மாதிரி. சரி கங்கம்மா, ஓடையில தண்ணி எவ்ளோ?

— நாங்க எறா தடவற எடம் நைனா. கழுத்து மட்டும் இருக்கும்.

— கழுத்தா? வா, ஜீப்ப ஒட்டி நில்லு. கோடு போட்டுப் பாக்கறேன்... இன்னாமா இது, பானட்டுக்கு மேல, ஸ்டியரிங்காண்ட வருது.

— என்ஜினுக்குக் குழாய் வெச்சு மேல காத்து இழுக்க வெக்க முடியாதா?

— பனமரம் ஒசரத்துக்கு வெக்கலாம். ஆனா தண்ணி உங்க மடியில இருக்கும், வண்டி மெதக்கும். முப்பது வருசத்துல மொத தபா சொல்றேன் நர்ஸம்மா. என்னால ஆவாது.

— அப்ப நானே மிஷனுக்கு எழுதிடறேன், வண்டிய அனுப்பிடச் சொல்லி.

— மொகத்த அப்டி வெச்சுக்காத கங்கம்மா, எனக்குப் பேஜாரா கீது. ஆமா, அவ்ளோ தண்ணில எறா கண்ணுக்குத் தெரியுமா?

— எங்க தெரியும்? பறிக்கூடையப் பல்லுல கடிச்சிக்கினு, ரெண்டு கையாலயும் சேத்தத் தடவித்தான் புடிப்போம்.

— கழுத்துத் தண்ணில நின்னுகினு, அடிச் சேறு கைக்கு எப்டிம்மா எட்டுது?

— நின்னுகினா? நின்னா தொடைக்குத்தான வரும். குந்திக்கினு இல்ல நைனா எறா தடவுவோம்.